செருப்பைத் தேடி வந்தவர்: ரத்தக்காட்டேரிக் கதை எழுதப் பழகுவோருக்கு

1725ஆம் ஆண்டு. செர்பியாவில் கிசில்யேவோ என்ற கிராமம். பெதர் பிளாகோயேவிச் என்ற குடியானவர் இறந்துபோகிறார். அடுத்து எட்டே நாளில் ஊரில் ஒன்பது பேர் சாகிறார்கள். செத்துப்போன பெதர்தான் இரவில் வந்து மேலே அமர்ந்து கழுத்தை நெரித்தார் என்று சாகும் தறுவாயில் அவர்கள் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் கல்லறையைத் தோண்டி, நெஞ்சில் மரமுளை அடித்து, உடலை எரிக்கிறார்கள். அந்தப் பகுதியை அப்போது ஆண்ட ஆஸ்திரிய அரசின் அதிகாரி ஒருவர் கூட நின்று பார்த்து அறிக்கை எழுதுகிறார். அது வியன்னா செய்தித்தாளில் அச்சாகிறது.

அந்த அறிக்கையில் பெதரின் மனைவியைப் பற்றி ஒரு வரி வருகிறது. அவளிடமும் அவர் வந்தாராம். வந்து, தன் தோல் செருப்பைக் கேட்டாராம். அதன் பிறகு அவள் ஊரைவிட்டே போய்விட்டாள்.

ரத்தம் கேட்கவில்லை, செருப்பைக் கேட்டார். இந்த வகைக் கதைக்குத் தேவையான எல்லாமே அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ரத்தக்காட்டேரி எங்கோ காட்டிலிருந்து வருகிற மிருகம் இல்லை. நம் வீட்டிலிருந்து போனவர் திரும்பி வருகிறார். அவர் வந்துவிட மாட்டாரா என்று ஏங்குகிற மனமும், வந்துவிடுவாரோ என்று நடுங்குகிற மனமும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்காக, நான் எழுதுகிற வரிசையிலேயே படிப்படியாகச் சொல்கிறேன். கூடவே ஒரு சின்னக் கதையையும் கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: செத்தது யார், யாருக்குச் செத்தார்?

முதலில் கோரைப்பல்லை யோசிக்காதீர்கள். ஒரு துக்க வீட்டை யோசியுங்கள்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எக்சிடர் என்ற ஊரில், 1892 ஜனவரியில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். அவளுக்கு முன்பே அவள் அம்மாவும் அக்காவும் அதே நோயில் போயிருந்தார்கள். அண்ணன் எட்வினுக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது. குடும்பத்தில் செத்த ஒருவர்தான் உயிரோடு இருப்பவரை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அப்பா ஜார்ஜுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடைசியில் தலையாட்டினார். மார்ச் மாதம் உடல்களை எடுத்துப் பார்த்தார்கள். மெர்சியின் உடல் மட்டும் அழுகாமல் இருந்தது. குளிர்காலத்தில், மண்ணுக்கு மேலே கட்டிய கல்லறை அறையில் வைத்திருந்த உடல் அது. அவள் இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் போய்விட்டான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

இதில் யார் கெட்டவர்? ஒருவரும் இல்லை. மகளின் இதயத்தை எரிக்கச் சம்மதித்த அந்த அப்பாவின் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் கதைக்கான ஆழம் அங்கேதான் ஊறுகிறது.

ஆகவே தாளில் முதலில் எழுத வேண்டியவை இரண்டு பெயர்கள்: போனவர், இருப்பவர். பக்கத்திலேயே அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரு காரியம். பெரிய ரகசியம் எதுவும் வேண்டாம். சொல்லாமல் விட்ட மன்னிப்பு, கட்டாத கடன், பாதியில் நின்ற சண்டை போதும்.

நம் கதையில் கமலம் என்றொரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கணவர் இறந்து இருபது நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தில் அவருடைய செருப்பையும் குடையையும் தானமாகக் கொடுத்துவிட்டாள். கொடுக்கிற வழக்கம்தான். மிச்சமிருந்த காரியம் இது: கடைசி ராத்திரி அவர் தண்ணீர் கேட்டார், அவள் அசந்து தூங்கிவிட்டாள்.

படி 2: ஒரே ஒரு விதி, அது வலிக்க வேண்டும்

வெயில், பூண்டு, சிலுவை, கண்ணாடி, வெள்ளி என்று பட்டியல் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இந்த விதிகள் எதுவும் கல்லில் வெட்டியவை இல்லை. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் வரும் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். வெயில் பட்டுச் செத்துப்போவது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப்படத்துக்குப் பிறகு ஊன்றிய வழக்கம். ஆக, உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். எடுத்ததை மனிதர்களின் உறவில் கட்டுங்கள்.

அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதி ஸ்டோக்கரிடமே இருக்கிறது. அங்கே அது தற்காப்புக்கான தகவல், அவ்வளவுதான். 2004இல் ஸ்வீடன் எழுத்தாளர் யோன் அய்விதே லிண்ட்க்விஸ்ட் தன் நாவலில் அதே விதியை எடுத்தார். ஸ்டாக்ஹோம் புறநகரில், பள்ளியில் அடிபடுகிற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். பக்கத்து வீட்டுக்கு வந்த ரத்தம் குடிக்கும் குழந்தை அவனுக்குச் சிநேகம். கூப்பிடாமல் வந்தால் என்ன ஆகும் என்று வீம்புக்குச் சோதிக்கிறான். அந்தக் குழந்தை உள்ளே வந்து நிற்கிறது. உடம்பெல்லாம் ரத்தம் கசியத் தொடங்குகிறது. பதறிப்போய் ‘வரலாம், வரலாம்’ என்று கத்துகிறான். பழைய விதிதான், நட்புக்கு எவ்வளவு விலை கொடுப்பாய் என்ற கேள்வியாக அதை மாற்றிவிட்டார்.

தமிழில் எழுதுகிற நமக்கு இந்த விதி ஒரு வரம். வாசலில் வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லாமல் நிற்கவைப்பது நமக்கு எவ்வளவு கஷ்டம்! அந்தச் சொல் யோசிக்காமல் வாயில் வருவது. கமலமோ கணவரை முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். இப்போது அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. கதையின் இறுக்கம் முழுவதும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

படி 3: பெயர் வைக்கும் சிக்கல்

வாம்பயர் என்று எழுதுவதா, ரத்தக்காட்டேரி என்பதா? கட்டுரையில் எதுவும் சரி. கதைக்குள் இரண்டுமே இடிக்கும். காட்டேரி பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். படையல் போட்டுக் கும்பிடுகிற பெயரை அரக்கனுக்குச் சூட்டுமுன் யோசிக்க வேண்டும். வேதாளம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். விக்கிரமாதித்தன் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன் தலைப்பிலேயே வேதாளத்தை வாம்பயர் ஆக்கினார். ஆனால் அந்தக் கதைகளில் நாம் கேட்டு வளர்ந்த வேதாளம் முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு விடுகதை போடும். அதன் பசி வேறு.

என் யோசனை, கதைக்குள் பெயரே வேண்டாம். கணவர் பெயரைச் சொல்லாமல் ‘அவரு’ என்றே காலம் முழுக்கப் பேசிய பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கமலமும் ‘அவரு வந்திருக்காரு’ என்று சொல்லட்டும். அந்த ‘அவரு’வுக்குள் கணவரும் இருக்கிறார், வந்திருப்பதும் இருக்கிறது.

படி 4: பசியைப் பாசத்தின் குரலில் பேசவிடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பசி வந்ததும் கண் சிவக்கிறது, உறுமல் வருகிறது. அந்த நொடியில் பாத்திரம் செத்து மிருகம் வந்துவிடுகிறது. மிருகத்துக்குப் பயப்படலாம், அதற்காக அழ முடியாது.

ஸ்டோக்கரின் நாவலில் லூசியைப் பாருங்கள். அவளைக் காப்பாற்ற நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் ரத்தத்தைக் கொடுக்கிறார்கள். பலிக்கவில்லை. செத்தபின் கல்லறைத் தோட்டத்தில் எழுந்து நிற்கிறாள். தன்னைக் கட்டிக்கொள்ளவிருந்த ஆர்தரைப் பார்த்து என்ன சொல்கிறாள்? இவர்களை விட்டுவிட்டு என்னிடம் வா, என் கைகள் உனக்காக ஏங்குகின்றன, இருவரும் இளைப்பாறலாம் என்கிறாள். புது மனைவி சொல்லக்கூடிய வார்த்தைகள். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. மறுநாள் அவள் நெஞ்சில் முளை அடிக்கிற கையும் ஆர்தருடையதாகவே இருக்கிறது. ஸ்டோக்கர் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அது வெறும் சடங்காகப் போயிருக்கும்.

பயிற்சிக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் பாத்திரம் பசியோடு பேசும் பத்து வரி வசனத்தை எழுதுங்கள். அதில் ரத்தம், கழுத்து, பசி, தாகம் ஆகிய சொற்கள் வரக் கூடாது. சாதாரண வீட்டுப் பேச்சாக மட்டும் இருக்கட்டும். ‘ஏன் இப்படி மெலிஞ்சுட்டே’, ‘கிட்ட வந்து உக்காரு’, ‘கை ஏன் இவ்ளோ சூடா இருக்கு’ என்று எழுதிப் படியுங்கள். உங்களுக்கே உடம்பு சில்லிடும்.

படி 5: நூறு வருடத்தை ஒரு நாணயத்தில் காட்டுவது

சாகாத ஆள் என்றால் காலம் அவர்மேல் படிந்திருக்க வேண்டும். ‘பல நூற்றாண்டுகளின் சோகம் அவன் கண்களில் தெரிந்தது’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. சின்ன சாமான்களில் காட்டுங்கள். இந்தியாவில் புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1இல். அதற்கு முந்தைய ஆள் என்றால் கடையில் விலை கேட்டதும் மனசுக்குள் அணாவாக மாற்றிப் பார்ப்பார். இன்னும் பழைய ஆள் என்றால் பழைய பின்னக் கணக்கான மாகாணி வாய்ப்பாடு சொல்லித் தூங்குவார். கூட அதைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்பதை நீங்கள் எழுதவே வேண்டாம், வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் காலத் துயரத்தை மிக ஆழமாக எழுதியவர் என்று நான் அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸைச் சொல்வேன். அவருடைய மகள் ரத்தப் புற்றுநோயில் 1972இல் இறந்தாள். ஆறு வயது நிறையவில்லை. 1976இல் வந்த அவருடைய முதல் நாவலில் கிளாடியா என்ற ஐந்து வயதுச் சிறுமி ரத்தம் குடிப்பவளாக மாற்றப்படுகிறாள். இனி அவளுக்குச் சாவில்லை, வளர்ச்சியும் இல்லை. மனசு முப்பது, நாற்பது என்று ஏறுகிறது; உடம்பு ஐந்திலேயே நிற்கிறது. பாரிஸில் பொம்மை செய்யும் பெண் ஒருத்தி, செத்துப்போன தன் மகளின் முகத்திலேயே பொம்மை செய்துகொண்டிருக்கிறாள். கிளாடியா அவளிடம் வளர்ந்த பெண்ணின் பொம்மை ஒன்று செய்துதரக் கேட்கிறாள். கிடைத்ததைக் கையில் வைத்து நொறுக்குகிறாள். தன் உடம்பைப் பற்றி அவளுக்கு இருக்கும் முழு ஆத்திரமும் அந்தச் சின்னக் கைக்குள் இருக்கிறது. பக்கம் பக்கமாக விளக்கியிருந்தாலும் அவ்வளவு வராது.

படி 6: சொல்வது யார்?

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். வந்தவரே சொன்னால் குற்ற உணர்ச்சி முன்னால் வரும். இருப்பவர் சொன்னால் ஏக்கம் முன்னால் வரும். டிராகுலா நாவல் நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று பலர் எழுதியவற்றின் தொகுப்பு. அதில் டிராகுலா எழுதிய நாட்குறிப்பு என்று ஒரு பக்கம் கிடையாது. எல்லாரும் அவனைப் பற்றியே எழுதுகிறார்கள். அவன் மனசு மட்டும் மூடியே இருக்கிறது. முதல் கதைக்கு இருப்பவரின் பக்கம் நிற்பது நல்லது. கமலத்தின் பக்கமே நிற்போம்.

படி 7: வாக்கியம்

இனி மொழிநடை. நான் முதலில் எழுதிய வரைவு இப்படி இருந்தது:

‘காரிருள் சூழ்ந்த அந்த பயங்கர நள்ளிரவில், ரத்தத்தை உறையவைக்கும் குளிர்காற்று ஊளையிட்டது. கதவருகே நெருப்பாய் ஜொலிக்கும் இரு விழிகளைக் கண்ட கமலத்தின் இதயம் படபடவென அடித்துக்கொண்டது.’

இதில் இருள், பயங்கரம், உறைதல், நெருப்பு, படபடப்பு என்று எல்லாம் இருக்கின்றன. கமலம் இல்லை. இது யாருடைய வீட்டு வாசலாகவும் இருக்கலாம். அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் காதுக்கு மட்டும் தெரிந்த ஒரு சத்தத்தைத் தேடினேன்.

‘வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. சுவரில் ஒரு கையை ஊன்றி முதலில் இடது, பிறகு வலது. முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்ட சத்தம். கமலம் அடுப்பைத் தணித்தாள். பிறகுதான், அந்தச் செருப்பைத் தானம் கொடுத்துவிட்டது ஞாபகம் வந்தது.

“யாரு?”

“நான்தான். கதவு சாத்தியிருக்கு.”

கதவு சாத்தியிருக்கவில்லை.

“தெறந்துதானே இருக்கு” என்றாள்.

“நீ சொல்லணும், கமலம்.”’

அழகான நடை என்றால் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வகைக் கதையில் அழகு அடக்கத்தில் இருக்கிறது. பயப்படும் ஆள் கத்திப் பேசுவதில்லை, வாக்கியமும் கத்தக் கூடாது. இன்னொன்று, அவள் அடுப்பைத் தணித்தது பழக்கத்தால். பயம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றினால் பாசம் காணாமல் போகும்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது பெரிய வசதி. வாக்கியம் எங்கே போகிறது என்று கடைசிச் சொல் வரை வாசகருக்குத் தெரியாது. ‘அவள் கழுத்தில், மஞ்சள் கயிறு இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்த வெளுத்த கோட்டின் மேல், அவர் உதட்டை வைத்தார்.’ ‘வைத்தார்’ வரும்வரை அது முத்தமா கடியா என்று தெரியவில்லை. வந்த பிறகும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாம்.

துணைவினையைக் கவனியுங்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ‘குடித்தார்’ என்றால் செய்தி. ‘குடித்துவிட்டார்’ என்றால் இனி மாற்ற முடியாது. ‘குடித்துக்கொண்டார்’ என்றால் தனக்காக எடுத்துக்கொண்டார், கொஞ்சம் கூச்சத்தோடுகூட. ‘குடித்துத் தீர்த்தார்’ என்றால் பின்னால் ஒரு வெறுமை நிற்கிறது. ‘குடித்துப் பார்த்தார்’ என்றால் அவருக்கே இது புதிது, பாவம். ஒரே செயலுக்கு ஐந்து மனநிலைகள். அடைமொழி தேடுகிற நேரத்தில் வினையின் வாலைத் தடவிப் பாருங்கள்.

எழுதியதை இரவில் தனியாக வாய்விட்டுப் படியுங்கள். ‘கிறது, கிறது’ என்று தொடர்ந்து முடியும் வரிகள் காதில் இடிக்கும். அங்கே ஒன்றை வினை இல்லாமல் நிறுத்துங்கள். ‘வாசலில் ஈரக் கால்தடம். உள்பக்கம் பார்த்து.’ அவ்வளவு போதும்.

படி 8: முடிவு

முளை அடித்துக் கொல்வதோடு கதை முடிய வேண்டும் என்று சட்டம் இல்லை. 1872இல் தொடராக வந்து முடிந்த ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’வில், ரத்தம் குடித்த பெண்ணை அழித்துவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. ஆனாலும் கதையைச் சொல்லும் லாரா கடைசி வரியில், கூடத்து வாசலில் கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்டதுபோல அவ்வப்போது திடுக்கிட்டு விழிப்பதாகச் சொல்லி நிறுத்துகிறாள். பயமா, ஏக்கமா? லாராவும் சொல்லவில்லை, லெ ஃபானுவும் சொல்லவில்லை.

கழுத்தில் உதடு வைக்கும் அந்த வரியை நான் இரண்டாம் இரவுக்காக எழுதி வைத்திருந்தேன். பிடித்த வரிதான். ஆனாலும் எடுத்துவிட்டேன். கதை முதல் இரவிலேயே முடிந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. இரவு முழுக்க அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவள் நிலைப்படிக்கு உள்ளே. தண்ணீர் கேட்ட ராத்திரியைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த ஒரு சொல்லை அவள் விடியும்வரை சொல்லவில்லை.

‘தெருக்கோடியில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“வரட்டுமா?” என்றார்.

கமலம் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். பால் வாங்க வேண்டும், பாத்திரம் கழுவவில்லை.

“சரி, போயிட்டு வாங்க” என்றாள்.’